ரெண்டு பேரும் வந்தாத்தான் முடிச்சு அவிழும்

“முன்னூத்திப் பதினாறு பேரை ஒரே நேரத்துல கட்டிப் போட்டவ நான். வெறும் ஷூ லேஸால. ஒருத்தர்கூட என்னை மீறி வாசலைத் தாண்டலை.”

ஹால் அக்கா இதைச் சொன்னபோது கல்லூரியின் கூட்ட அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவர் அக்காவின் கொழுந்தன். இதே கல்லூரி விடுதியில் துணை வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி கதை சொல்ல ஆரம்பித்தால் மின்விசிறியைப் பார்ப்பது அவருடைய பல வருஷப் பழக்கம்.

“போன மாசம் இருநூத்தித் தொண்ணூறுன்னு சொன்னீங்க, அண்ணி.”

“அது அவசரத்துல எண்ணினது, தம்பி. ரிட்டயர் ஆனப்புறம்தானே நிதானமா எண்ண நேரம் கெடைக்குது?”

மாணவர் சங்கச் செயலாளர் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவை அழைத்து வந்தது அவள்தான். புதிதாக வந்திருக்கும் முதல்வர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முன்னால் ஒரு காகிதம் இருந்தது. அதன்படி, இறுதியாண்டு மாணவர்களின் பிரிவு விழாவில் இந்த வருஷத்திலிருந்து ஹால் வாசலில் செருப்பு மேஜை கிடையாது. பதிலாக ஊதிப் பார்க்கும் கருவி. குடித்தவன் என்று தெரிந்தால் கல்லூரியை விட்டு நீக்கம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த மேஜை அக்காவின் சிருஷ்டி. முப்பத்தோரு வருஷம் அந்த ஹாலின் பொறுப்பாளர் அவர். அதன் மரத்தரையை அவர் தேய்த்த தேய்ப்பில், மேலே பறக்கும் காக்கா தன் முகத்தைப் பார்த்து அலகைத் துடைத்துக்கொண்டு போகும் என்பார். கூரை இருக்கும்போது காக்காவுக்குத் தரை எப்படித் தெரியும் என்று கொழுந்தன் கேட்டால், ஜன்னல் எதுக்கு இருக்கு என்பார். விழாவுக்கு வரும் பிள்ளைகள் தரை கெட்டுப்போகாமல் இருக்கச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. கல்லூரியில் குடிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகள் அறையிலேயே அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு வருவார்கள். அக்காவுக்கு மூக்கு உண்டு. ஆனால் மூக்கைப் பயன்படுத்தினால் அவர்கள் அடுத்த தடவை ஹாலுக்கே வரமாட்டார்கள், கண்காணாத இடத்துக்குப் போய்விடுவார்கள் என்ற புத்தியும் உண்டு. அதனால் இரண்டிரண்டு பேராக வரச் சொன்னார். தனியாக வந்தவரைப் பின்னால் நின்றவரோடு சேர்த்தார். ஒருவருடைய இடது காலணியை இன்னொருவருடைய வலது காலணியோடு லேஸால் முடிந்து மேஜைக்கடியில் வைத்தார். லேஸ் இல்லாத செருப்புக்குத் தன் பையிலிருந்து லேஸ் கொடுத்தார். திரும்பும்போது இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும். தன் காலணியைத் தானே நின்றபடி போட்டுக்கொண்டவர் வீட்டுக்குப் போகலாம். தடுமாறியவருக்கு நாற்காலி, தண்ணீர், வாழைப்பழம். கேள்வி கிடையாது, பேர் எழுதுவது கிடையாது. முடிச்சு சின்னக் குழந்தைகூட அவிழ்க்கிற முடிச்சுதான். ஆனாலும் யாரும் தாங்களாக அவிழ்த்ததில்லை. ஏன் என்று அக்காவுக்கே தெரியாது. தன் பார்வைக்குப் பயந்து சுவர்க் கடிகாரமே ஐந்து நிமிஷம் முன்னால் ஓடியது என்று மட்டும் சொல்வார்.

“கேக்க நல்லா இருக்கும்மா,” என்றார் முதல்வர். “ஆனா இதால யாருக்காவது நிஜமாவே பிரயோஜனம் இருந்திருக்கா? எனக்குக் கதை வேண்டாம்.”

“ஒரு உயிர் போதுமா, மேடம்?”

அக்கா சொல்ல ஆரம்பித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு விழா. மதியம் மூன்று மணிக்குச் சின்னதாக ஒரு பொண்ணு வந்து செருப்பைக் கேட்டாள். ஊருக்குப் பஸ் நாலு மணிக்கு. அவளோடு சேர்ந்து நுழைந்தவன் ஒரு நெட்டையன். வாசலில்தான் அறிமுகம். அவன் எங்கே என்று கேட்டால், மாடியில் தூங்குகிறானாம், அவனுடைய கூட்டாளிகள் சொன்னார்களாம்.

இந்த இடத்தில் அக்கா வழக்கம்போல ஒரு வரியைத் தாண்டிக் குதித்தார். பொண்ணின் உயரத்தை மேஜைக்காலுக்குச் சுருக்கியிருக்கிறார், நெட்டையனைக் கொடிக்கம்பத்துக்கு நீட்டியிருக்கிறார், வந்த ஆம்புலன்ஸை மூன்றாக்கியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரியைப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சாப்பாட்டு மேஜையிலும் சொன்னதில்லை. கொழுந்தன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார்.

“ரெண்டு பேரும் வந்தாத்தான் முடிச்சு அவிழும்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு என்னைத் திட்டிக்கிட்டே முடிச்சுல மாட்டாத ஒத்தச் செருப்போட மாடி ஏறினா மேடம். டக்கு, தொப்பு, டக்கு, தொப்புன்னு. அந்தச் சத்தம் இன்னைக்கும் என் காதுல இருக்கு. திடீர்னு நின்னுச்சு. அப்புறம் அவ கத்தினா.”

வாத்தியங்கள் வைக்கும் அறையில் நெட்டையன் மல்லாந்து கிடந்தான். வார்டன் கண்ணில் படக்கூடாது என்று கூட்டாளிகள் வெளியே பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டிருந்தார்கள். வாயில் வாந்தி, உதடு நீலம், மூச்சு வரட்டுமா என்று கேட்டுக்கேட்டு வந்தது. அக்கா அவனை இடது பக்கம் ஒருக்களித்துப் போட்டு வாயை விரலால் வழித்தார். கூட்டாளிகள் சுவரோடு சுவராக நின்றார்கள். படிப்பு போய்விடும் என்ற பயத்தில் ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை.

“யார் பேரும் எனக்கு வேண்டாம்டா. என்ன குடிச்சான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அது மட்டும் சொல்லுன்னேன். மூணு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க. ஆஸ்பத்திரி டாக்டர், இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா கொண்டு வந்திருக்கவே வேண்டாம்னார்.” அக்காவின் குரல் இறங்கியது. “பொண்ணு பஸ்ஸை விட்டுட்டு ஆம்புலன்ஸ்ல போனா. முடிச்சுப் போட்ட ஒரு ஜோடி அவ கையில தொங்கிட்டே போச்சு. நான் சும்மா ஒரு முடிச்சுப் போட்டேன், அவ்வளவுதான். படி ஏறினது அவ. தினம் விளக்கை அணைக்கும்போது அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் படுக்கறேன். நெட்டையன் வருஷா வருஷம் தபால்ல ஒரு ஜோடி லேஸ் அனுப்பறான். இந்த வருஷம் மஞ்சள்.” காலை நீட்டிக் காட்டினார்.

முதல்வர் காலைப் பார்த்துவிட்டுப் பழைய பதிவேடு ஒன்றைத் திருப்பினார். “நீங்க சொல்ற தேதியில ஒரு பையன் ஆஸ்பத்திரி போயிருக்கான், சரி. ‘வெயிலால் ஏற்பட்ட மயக்கம்’னுதான் போட்டிருக்கு. குடிச்சதாவோ, செருப்பைப் பத்தியோ ஒரு எழுத்து இல்ல. மன்னிச்சுக்கோங்கம்மா. இதை வச்சு நான் எப்படி முடிவு பண்றது?” பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அக்காவுக்குச் சொல்ல ஒரு வழி இருந்தது. அந்தத் தாண்டிய வரியைச் சொன்னால் போதும். செயலாளர் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் மஞ்சள் லேஸைப் பார்த்தார், குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்ததை இன்னும் இறுக்கினார்.

“நான்தான் பெரிய புளுகினி ஆச்சே,” என்றார். “எங்க தம்பியைக் கேளுங்க, சொல்வாரு.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொழுந்தன் எழுந்து நின்றிருந்தார்.

“அந்தப் பதிவேட்டுல இருக்கற கையெழுத்து என்னுது, மேடம்.”

முதல்வர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

“அன்னைக்கு வெயிலே இல்ல. காலையிலேர்ந்து தூறிட்டு இருந்துச்சு. பையன் படிப்பு போகக் கூடாதுன்னு அப்படி எழுதினேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாதி நிஜம்தான். மீதியை அண்ணி உங்ககிட்ட சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை. அந்தப் பொண்ணு செருப்பு கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ‘அவன் தூங்கட்டும் அண்ணி, தூங்கினாத் தெளிஞ்சிடும், அவ செருப்பைக் குடுத்து அனுப்புங்க’ன்னு சொன்னது நான். அண்ணி குடுக்கலை. குடுத்திருந்தா அன்னைக்கு அப்புறம் எனக்குத் தூக்கம்னு ஒண்ணு இருந்திருக்காது. இத்தனை வருஷமா அவங்களைப் புளுகினின்னு சொல்லிட்டிருந்தேன். ஒரு தேங்க்ஸ் சொன்னதில்ல.”

“அட, உக்காருங்க தம்பி,” என்றார் அக்கா.

முதல்வரின் பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. “அப்ப முன்னூத்திப் பதினாறு பேர்?”

“அது சுத்தப் பொய், மேடம். ஹால்லயே நூத்தி நாப்பது நாற்காலிதான்.” கொழுந்தன் உட்கார்ந்தார். குனிந்து தன் இடது ஷூவின் லேஸை மெல்ல இழுத்து அவிழ்த்தார், அதன் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தார். மேஜைக்கடியில் மஞ்சள் லேஸ் கட்டிய ஒரு வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நகர்ந்து வந்தது.

“நூத்தி நாப்பத்திரெண்டு பேர்,” என்றார் அவர். “ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. மத்தபடி, எல்லாம் நடந்ததுதான்.”