கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்யவும்

வீட்டை விற்றுவிடலாம் என்றான் கடல் தாண்டிப் போய்விட்ட தம்பி. அக்கா சண்டை போடவில்லை.

"ஒரு ஃபைல் அனுப்புறேன், பொறுமையா பாரு. பாத்த பிறகும் விக்கணும்னு தோணினா கையெழுத்து போட்டுத் தர்றேன்."

அப்பா விட்டுப்போன வீடு. பத்திரத்தில் இரண்டு பேர். குடியிருப்பது அவள் ஒருத்தி.

அந்த ஃபைலுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கூடம், சமையலறை, மாடிப்படி என்று இடத்துக்கு ஒரு தலைப்பு. தலைப்புக்கு 'ஹெடிங்' ஸ்டைல் கொடுத்தால் பக்க எண்ணோடு பொருளடக்கத்தை வேர்டு மென்பொருளே போட்டுக் கொடுத்துவிடும். ஆபீஸ் பயிற்சியில் கற்றது கைகொடுத்தது. நடுநடுவே நீல எழுத்தில் இணைப்புகள். 'மாடிப்படி'யில் க்ளிக் செய்தால், உருண்டு விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட தம்பியின் படம். 'கூட'த்தில் க்ளிக் செய்தால் அப்பாவின் குரல்: "டேய், ஃபேனை யாரு அணைப்பா, உன் மாமனாரா?"

மறுநாளே பதில் வந்தது. "பிரமாதம்க்கா! முழுசா பாத்துட்டேன். இருந்தாலும் வித்துடலாம்."

பார்த்துவிட்டுத்தானே சொல்கிறான்! சொன்ன சொல் சொன்னதுதான், பத்திரம் வரட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வீடு போனாலும் போகிறது, இன்னும் ஒருத்தராவது அதைப் பார்க்கட்டுமே என்று ஆபீஸில் பக்கத்து மேசைக்காரிக்கும் ஃபைலை அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அந்தத் தோழி நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"என்னடி இது, எந்த நீல எழுத்தைத் தட்டினாலும் திறக்காம கையை விரிக்குது?"

"எனக்குத் திறக்குதே!"

"உனக்குத் திறக்கும். உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபோல்டருக்குல்ல வழி போட்டிருக்கே! படமும் குரலும் அங்கேயே உக்காந்திருக்கு. ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாசலைப் பூட்டிட்டு வந்திருக்கே, மகராசி!"

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்படியானால் தம்பி எதைப் பார்த்தான்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனை அழைத்தாள்.

"அப்பா குரலைக் கேட்டியாடா?"

"கேக்காம இருப்பேனா? கண்ணே கலங்கிடுச்சுக்கா."

"என்ன சொன்னாரு?"

மறுமுனையில் கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றது.

"அது... நல்லா இருங்க பிள்ளைகளான்னு..."

அப்பாவா? அப்படிப் பேசுகிற ஆளா அவர்!

"அது என் கம்ப்யூட்டரைத் தவிர வேற எங்கேயும் திறக்காதுடா. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"சாரிக்கா. வேலை கழுத்தை நெரிக்குது. பத்திரத்தை எப்ப அனுப்பட்டும்?"

"'திறக்கலைக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னொரு தடவை ஒழுங்கா அனுப்பிட்டு, நீ கேட்ட இடத்துல கையெழுத்து போட்டிருப்பேன். இனிமே மாட்டேன்."

"வீம்பு பண்ணாதேக்கா! அந்தக் காலி வீட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

காலி வீடாம்.

"நான் இருக்கேன்டா இதுல" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. ஆனால் அங்கே கீபோர்டு சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது.