வெள்ளையாக விட்ட முக்கோணம்

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் வளைவில் பேருந்து நின்று வெகுநேரமாகிவிட்டது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எந்தப் புண்ணியவான் போட்ட பிளானோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் சலித்துக்கொண்டார். அந்தப் புண்ணியவதி ஜன்னலோரத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நகரமைப்பு அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடம் போடுவது அவள் வேலை. இந்தச் சந்திப்பைச் சுற்றி எங்கே கடை, எங்கே பட்டறை, எங்கே கிடங்கு என்று பிரித்தவள் அவள்தான். கடைக்கு நீலம், பட்டறைக்கும் கிடங்குக்கும் ஊதா. இறங்கு பாதை முடிகிற இடத்தில் யாருக்கும் வாசல் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். வண்டிகள் அங்கே திரும்ப ஆரம்பித்தால் சாலை அடைத்துப்போகும். அதே இடத்தில் டயர்க் கடை வைத்திருந்த சொந்தத் தம்பி, "ஒரே ஒரு வாசல்க்கா, லாரி வந்து நிக்கட்டும்" என்று கெஞ்சியபோதும் அவள் மசியவில்லை. டயர் மாட்டுவதும் பட்டறைதான் என்று அவன் நிலத்துக்கு ஊதா பூசினாள். சாலைப் பக்கம் மதில், பின்பக்கம் இணைப்புச் சாலை என்று வரைந்தாள். மதில் உடனே வந்தது. இணைப்புச் சாலை இன்னும் படத்தில்தான் இருக்கிறது. கடையை மூடப்போவதாகப் போன வாரம் அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது சாலையை அடைத்தது எதிரே புதிதாகத் திறந்த வணிக வளாகம். அதன் வாசல் நேராக இறங்கு பாதையின் முகத்தில் இருந்தது. வாசல் விழுந்த இடம் வளைவை ஒட்டி மிஞ்சிய முக்கோணத் துண்டு. யார் போய் அங்கே கட்டப்போகிறார்கள் என்று அவள் வண்ணமே பூசாமல் வெள்ளையாக விட்ட இடம். காலையில்தான் இயக்குநரின் அறையில் போய்ச் சத்தம் போட்டிருந்தாள்.

"கத்தாதீங்க மேடம். வண்ணம் இல்லாத இடம் பக்கத்து நிலத்தோட சேரும்னு விதி எழுதினது யாரு?"

"நான்தான் சார். அது ஓடைக்கரை மாதிரி துண்டு துக்கடாவுக்கு."

"அப்படி எழுதலையே. பக்கத்துல நீலம், அதனால இதுவும் நீலம். வாசல் கூடாதுன்னு நீங்க போட்டது ஊதாவுக்கு மட்டும்."

"அந்த இணைப்புச் சாலையாவது போடுங்க சார்."

"அடுத்த கட்டத்துல பாக்கலாம்."

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த அடுத்த கட்டத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பேருந்திலிருந்து இறங்கி வண்டிகளுக்கு நடுவே நடந்தாள். முன்னால், மதிலை ஒட்டி, டயர் வெடித்த லாரி ஒன்று பாதி வழியை மறித்து நின்றது. அதன் ஓட்டுநர் வளாகத்துக் காவலாளியிடம் டயர்க் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். காவலாளி உதட்டைப் பிதுக்கினார்.

மதிலுக்கு மேல் தம்பியின் தலை எழுந்தது. அந்தப் பக்கம் ஏதோ பீப்பாய் மேல் ஏறியிருக்கிறான்.

"அண்ணே, இங்கதான்! சுத்தி வந்தா பொழுது சாஞ்சிரும். டயர இப்படியே மதில் மேல வாங்கிக்குங்க." பிறகுதான் அவளைப் பார்த்தான். "நீயாக்கா? நல்லதாப் போச்சு, ஜாக்கியப் பிடி."

வாங்கினாள். கிரீஸ் புடவையெல்லாம் அப்பியது.

"கடைய மூடப்போறியாமே?"

"லாரி வராத இடத்துல டயர்க் கடை எதுக்கு?"

"எம்மேல கோவமாடா?"

"இல்லன்னு சொன்னா பொய். டயர் வருது, தள்ளி நில்லு."

அவள் தள்ளி நிற்கவில்லை. கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, லாரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கி நின்றாள். பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. அவள் சொன்ன உயரத்துக்கே எழுப்பியிருந்த மதிலின் மேல் டயர் ஏறி, எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு கணம் நின்றது.