கண்ணை மூடியிருந்த நேரம்

அப்பாவின் உலர்ந்த உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே, தன் வாய் அசையாமல் அவள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

சர்ச்சுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் 'பாதிரியம்மா'. அண்ணன் வைத்த பெயர். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். பிறந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருப்பது என்ன கொடுமை என்று அவளுக்குத்தான் தெரியும். மருந்து வாங்கக் கிளம்பும்போதுகூட அண்ணன் விரல் நீட்டி எச்சரித்தான்: "உன் ஜெபத்த எல்லாம் இந்த ரூம்ல வச்சுக்காத, சொல்லிட்டேன்."

அப்பா லாரி மெக்கானிக். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, பிடியில் காதை அழுத்துவார். கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். உடம்பு முழுக்கப் படுத்துவிட்டாலும் அந்தக் காது மட்டும் படுக்கவில்லை.

"உன் மூச்சு மாறுதே. என்ன பண்ற?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா."

"ஜெபமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாப்பா." திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"சத்தமா சொல்லு. சத்தமில்லாம ஓடுற எதையும் நான் நம்பமாட்டேன்."

வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் தட்டுத் தடுமாறினாள். பிறகு மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

"உயிர் எப்பம்மா போச்சு?" என்று வந்ததும் வராததுமாகப் பெரியப்பா கேட்டார். தெரியவில்லை என்றாள். ஏன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். வீடே கொதித்தது.

"பெத்த அப்பன் சாகுறான், இவ கண்ண மூடிட்டு உக்காந்திருக்கா!"

"அப்பாதான் சத்தமா சொல்லச் சொன்னாரு."

"இப்ப அவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லவா போறான்? சரி, தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. இதோட விட்டுடறோம்" என்றார் பெரியப்பா.

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அப்பாவின் கால்மாட்டில் உட்கார இடம் கிடைக்கும். ஆசையாகத்தான் இருந்தது.

"நான் தப்பு பண்ணல, பெரியப்பா."

"அப்ப வெளிய போ."

வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே ஒருவரைக் கட்டிக்கொண்டு ஒருவர் அழுதார்கள். இவள் தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து அண்ணன் வந்து நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னதான் சொல்லி ஜெபம் பண்ண?"

"அப்பாவுக்கு மூச்சு திணறக் கூடாதுன்னு."

"அவ்வளவுதானா?"

"உனக்காகவும்தான். அப்பா இல்லாம நீ ஒடஞ்சு போயிடக் கூடாதுன்னு."

"அத அப்பா கேட்டாரா?"

"தெரியலண்ணா. கண்ண மூடியிருந்தேன்."

அண்ணன் கீழ்ப்படியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளேயிருந்து பெரியப்பா அவனைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். அவன் எழுந்திருக்கவில்லை.