ஸோயி அத்தைக் குட்டைக்கு வழி

அக்டோபர் மூன்றாம் வாரம் வாடை இரண்டு நாள் விடாமல் அடித்தது. சதுப்பில் இருந்த தண்ணீரையெல்லாம் வளைகுடாவுக்குள் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தது. முந்தின நாள் வரை படகு போன இடத்தில் வெறும் சேறு. சிவப்பு மீன்கள் எங்கே போயின என்று கடவுளுக்குத்தான் தெரியும், நூமாவுக்குத் தெரியவில்லை. மீன்பிடிக்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிற கைடு என்று பலகை மாட்டிப் பிழைக்கிற மனிதருக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

படகில் இருந்தவர் பேட்டன் ரூஜ் நகரத்திலிருந்து வந்த பல் டாக்டர் ஹேன்லி. இரண்டாம் நாளாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு மீன் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்கிறவர்களை நூமா சமாளித்துவிடுவார், இரண்டு மோசமான ஜோக் போதும். இவரோ, "பரவாயில்ல நூமா, காத்து நல்லா இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெருந்தன்மைதான் சுட்டது. முந்தின சாயங்காலம் படகுத்துறையில் வேறு, பக்கத்துப் படகுக்காரன் நூமாவின் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, இன்னைக்கு ஐஸ் பிடிக்கவா போனீங்க?" என்று கேட்டிருந்தான். அத்தனை பேரும் சிரித்தார்கள். அறுபதை நெருங்குகிற வயதில் நூமாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

தண்ணீர் வற்றும்போது மீன் போய் ஒண்டக்கூடிய ஒரே இடம் அவருக்குத் தெரியும். ஸோயி அத்தைக் குட்டை. ஸோயி யார், யாருக்கு அத்தை என்று இன்று சொல்ல ஆளில்லை. எந்தக் கால்வாயும் அங்கே போகாது. நாணல் மூடிய ஒரு மண்மேட்டின்மேல் தோணியைக் கையால் இழுத்துத் தாண்டினால்தான் குட்டை கண்ணில் படும். முப்பத்தொரு வருஷமாக அங்கே வாத்து வேட்டையாடியவர்கள் இரண்டே பேர்: நூமாவும், அவர் மனைவி எர்லீனின் அண்ணன் யூலிஸும். யூலிஸின் மகன் டெரெல் பெரியவனானபின் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டான். நிலம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனியின் வரைபடத்தில் அது வெறும் சேறு. கேட்டால் குத்தகை என்பார்கள், கேட்காதவரை நம்முடையது. சதுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் ஆண்டு அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் மச்சான்கள் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாள் யாரையும் மேட்டைத் தாண்டிக் கூட்டிவரக் கூடாது. அப்பனே ஆனாலும் கூடாது.

அன்று பத்து மணிக்கு நூமா பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டினார்.

மீன்கள் குட்டையில் அடைபட்டுக் கிடந்தன. வால்கள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. ஒரு மணி நேரத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. ஹேன்லி சின்னப் பிள்ளைபோல் சிரித்தார், மீனோடு, நாணலோடு, நூமாவோடு படம் எடுத்தார். போன் தன் பாட்டுக்கு, எடுத்த இடம் உட்பட எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டது. "இந்த இடம் மட்டும் வெளிய தெரியக் கூடாது டாக்டர்" என்றார் நூமா. "என் வாயிலிருந்து வராது" என்றார் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர் வாக்கு. நூமாவும் நம்பினார். அன்று படகுத்துறையில் பெட்டியைத் தானே திறந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால், அந்த வருஷத்தில் அவர் அதிகம் சந்தோஷப்பட்ட நேரம் அதுதான்.

நவம்பர் முதல் வாரம் மீன்பிடி ஆட்கள் குறைந்தார்கள். ஊரில் படகுகளிலிருந்து தூண்டில் பெட்டிகள் இறங்கின, வாத்துகளை ஏமாற்றி இறக்குகிற பொம்மை வாத்து மூட்டைகள் ஏறின. பெரிய வாத்து வேட்டை தொடங்க இன்னும் ஒரு வாரம். நூமாவும் யூலிஸும் வழக்கம்போல் நாணல் வெட்டித் தோணி நிறைய ஏற்றிக்கொண்டு, ஒளிந்திருந்து சுடுகிற பழைய மறைப்பைப் புதுப்பிக்கப் போனார்கள். நாணலை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். வாத்து புதுசைப் பார்த்தால் இறங்காது, பார்த்துப் பழக வேண்டும்.

மேட்டின்மேல் மஞ்சள் பலகை நட்டிருந்தது. குத்தகை நிலம், உள்ளே வரக் கூடாது. அந்தப் பக்கம், அவர்கள் மறைப்பு இருந்த அதே மூலையில், புதுப் பலகையில் புது மறைப்பு. நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள்.

யூலிஸ் அதிகம் பேசுகிறவர் இல்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேற்றில் துப்பினார்.

"டெரெல்" என்றார்.

நூமா திரும்பினார். "என்ன மச்சான் சொல்ற?"

"வேற யாரு? செப்டம்பர் சீசன்ல கிளுவை வாத்து அடிச்சப்ப போட்டோ எடுத்து, கடல்ல எண்ணெய்த் தளத்துல அவன்கூட வேலை பாக்கறவனுங்களுக்கெல்லாம் காட்டியிருக்கான். எங்கிட்டயே பெருமையா சொன்னான். அப்பவே திட்டினேன். இந்த இடத்துக்கு வழி தெரிஞ்சவன் மூணே பேரு. நீயும் இல்ல, நானும் இல்ல."

இதுதான் சொல்வதற்கான நேரம். நூமாவுக்கும் அது தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. "பையனா இருக்காது மச்சான்" என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். பாதி உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று அப்போது ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசம் என்பதெல்லாம் பிறகு வருகிற ஞானம். வெட்டிய நாணலைக் கால்வாயில் தள்ளிவிட்டு இருவரும் திரும்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து டெரெல் தளத்திலிருந்து கரைக்கு வந்தான். யூலிஸ் வீட்டில் மதியச் சாப்பாடு. நண்டுக் குழம்பும் சோறும். நூமாவும் மேசையில் இருந்தார். மகன் நாற்காலியை இழுத்தபோது தகப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உக்காராத. யாருக்குடா காமிச்ச குட்டைய?"

"எதுப்பா?"

"நடிக்காத. குத்தகைக்குப் போயிருச்சு. பலகை நட்டுட்டான். உன் போட்டோவப் பாத்து எவனோ வந்துட்டான்."

"அந்தப் போட்டோல வாத்தும் என் மூஞ்சியும்தான்பா இருக்கு. இடம் எங்க தெரியுது?" டெரெல் மாமனைப் பார்த்தான். "மாமா, நீங்க சொல்லுங்க. நீங்களும் பாத்தீங்கல்ல அந்தப் போட்டோவ?"

"விடு மச்சான், சாப்பிடட்டும்" என்றார் நூமா.

"சாவிய வச்சிட்டுப் போ" என்றார் யூலிஸ்.

டெரெலுக்கு வீட்டுச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற நேரமானது. வளையம் இறுக்கமாக இருந்தது. கழற்றி மேசையில் வைத்தான், போய்விட்டான். நூமா தட்டில் இருந்ததைத் தின்று முடித்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வீட்டில் எர்லீன் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். "என் அண்ணன் மகன் அப்பிடிப் பண்ற பிள்ளையா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அண்ணன் கேக்கும்." நூமா டெரெலுக்குப் போன் போட்டு, "நான் உங்கப்பங்கிட்டப் பேசறேன்டா, கொஞ்சம் பொறு" என்றார். பேசவும் செய்தார், பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்று. பேசப் பேச யூலிஸின் கோபம் மகன்மேல்தான் கூடியது.

வேட்டை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது ஹேன்லி கூப்பிட்டார். குத்தகை எடுத்தது அவர்தான். நூமா ஊகித்திருந்ததுதான்.

"முதல் நாளைக்கு நீங்க வரணும் நூமா. அந்த எடத்தக் காட்டுனதே நீங்கதான, வேற யாரக் கூப்பிடுவேன்?"

"டாக்டர், அது நாங்க முப்பது வருஷமா..."

"அப்பிடியா? கம்பெனிக்காரன் அங்க யாருமே இல்லன்னு சொன்னானே." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கொடுமை.

"என் மச்சான மட்டும் ஒரு ஓரமா..."

"அடுத்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம். இந்த வருஷம் குத்தகைப் பங்குக்கு ஆள் நெறஞ்சு போச்சு. நீங்க வர முடியலன்னா சொல்லுங்க, படகுத்துறைல வேற கைடக் கேக்கறேன்."

வேறு கைடு என்றால் அந்த ஐஸ் ஜோக் அடித்தவன்தான். மறைப்புக்குள் உட்கார்ந்து டாக்டர் அவனிடம் அக்டோபர் கதையைச் சொல்வார். மத்தியானத்துக்குள் ஊரே சொல்லும். ஆகவே நூமா ஒப்புக்கொண்டார். டாக்டரின் வாய்க்குப் பக்கத்தில் தானே காவல் இருப்பதுதான் நல்லது என்று கணக்குப் போட்டார். யூலிஸிடம் போய், "இந்த வருஷம் நான் துப்பாக்கியே தொடப் போறதில்ல மச்சான். குட்டை இல்லாம எனக்கு வேட்டை எதுக்கு" என்றார்.

யூலிஸ் அவர் தோளில் கை வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. "எனக்காக விடாத" என்றார். "நீ ஒருத்தனாவது ஒழுங்கா இருக்கியே."

சனிக்கிழமை விடிந்தது. மறைப்பில் நூமாவும் ஹேன்லியும். மற்றப் பங்குதாரர்கள் மறுநாள்தான் வருவதாக இருந்தார்கள். மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. வாத்துகளை அழைக்க நூமா எப்போதும் வாயாலேயே குரல் எழுப்புவார், குழலைத் தொடமாட்டார். சாம்பல் வாத்தின் குரலைத் தொண்டையிலிருந்து எடுப்பவர்கள் அந்தக் கரையில் நாலைந்து பேர்தான், ஒவ்வொருவர் குரலும் மற்றவர்களுக்குத் தெரியும். அதனால் அன்று கடையில் வாங்கிய ஒரு மரக்குழலைக் கொண்டுவந்திருந்தார். குழல் யார் ஊதினாலும் ஒன்றுதான். அதை அவர் ஊதிய லட்சணத்துக்கு வாத்துகள் வட்டமிட்டன, பார்த்தன, போய்விட்டன.

"இன்னைக்கு அதிர்ஷ்டம் இல்ல போலிருக்கு" என்றார் ஹேன்லி. "பரவாயில்ல நூமா, சூரியன் வர்றது எவ்வளவு அழகா இருக்கு."

அதே பெருந்தன்மை.

வடக்கிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்தது. சாம்பல் வாத்துகள், நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் தலைவாத்து வேறு பக்கம் திரும்பத் தொடங்கியது. நூமா குழலைக் கீழே போட்டார். யோசித்துப் போட்டதாகச் சொல்ல முடியாது. வாயைக் குவித்தார், அழைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னதில்லை.

கூட்டம் திரும்பியது, சிறகை விரித்துக் காலை நீட்டியது. அந்த நேரத்தில் மேட்டுக்கு அப்பாலிருந்து, எல்லோருக்கும் பொதுவான சதுப்பிலிருந்து, இன்னொரு குரல் எழுந்தது. கீழ் சுருதியில், நூமாவின் குரல் முடியும் இடத்தில் சேர்ந்துகொண்டு. முப்பத்தொரு வருஷமாக நூமா தொடங்க, யூலிஸ் சேருவார். அங்கே உட்கார்ந்திருந்த யூலிஸும் யோசிக்காமல்தான் சேர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் குரல் பாதியில் நின்றுவிட்டது.

ஹேன்லி சுட்டார். மூன்று வாத்து விழுந்தது. "பிரமாதம் நூமா, பிரமாதம்" என்றார். மேட்டுக்கு அப்பால் ஒரு படகு என்ஜின் கிளம்பியது.

ஒன்பதரைக்குப் படகுத்துறையில் யூலிஸ் தன் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா மச்சான்" என்றார். அதைக் கேட்டதும் ஹேன்லி நேரே அவரிடம் போய்க் கைகொடுத்தார். "நூமாவோட மச்சானா நீங்க? உங்களப் பத்திச் சொன்னார். அற்புதமான ஆளுங்க இவர். அக்டோபர்ல எங்கயுமே மீன் இல்லாதப்ப அந்தக் குட்டைக்குக் கூட்டிட்டுப் போனார் பாருங்க, என் வாழ்க்கைல மறக்கமாட்டேன்."

"நல்ல எடம்தான்" என்றார் யூலிஸ். "எத்தன வாத்து?"

"ஆறு" என்றார் ஹேன்லி. "மொதல்ல மூணு, கெளம்பறதுக்குள்ள இன்னும் மூணு."

"காலம்பற ஒரு வேளைக்கு ஆறு மோசமில்ல."

ஹேன்லி பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். பிறகு நூமா தொடங்கினார். "மச்சான், நான் சொல்லணும்னுதான்..."

"டெரெலுக்குப் போன் பண்ணேன்" என்றார் யூலிஸ். "நாலு தடவ. எடுக்கல. உன் பேரப் பாத்தா எடுப்பான். போடு. எனக்கும் கேக்கற மாதிரி போடு."

நூமா போட்டார். இரண்டாவது மணிக்கே எடுத்தான்.

"மாமா." குரல் கடல்காற்றோடு வந்தது. "அப்பாகிட்டப் பேசுனீங்களா? எனக்காகப் பேசற ஒரே ஆளு நீங்கதான் மாமா. அத்தைகிட்டக்கூடச் சொன்னேன்."

யூலிஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வருவதாக இல்லை.

"டெரெல்" என்றார் நூமா. "குட்டைய டாக்டருக்குக் காமிச்சது நான். அக்டோபர்ல. மீன் கிடைக்கலன்னு கூட்டிட்டுப் போனேன். உங்கப்பனும் இங்கதான் இருக்கான், கேட்டுட்டிருக்கான்."

 கோபப்படுவான், கெட்ட வார்த்தை சொல்வான், சொல்லட்டும் என்று நூமா காத்திருந்தார். திட்டு வாங்கிவிட்டால் கொஞ்சம் குறையும்.

"நான் சாவியக் கழட்டறப்ப நீங்க எதிர்லதான மாமா உக்காந்திருந்தீங்க" என்றான் டெரெல். புரியாதவன் கேட்பதுபோலத்தான் கேட்டான். "சாப்பிட்டுட்டு இருந்தீங்களே."

 யூலிஸ் எழுந்து வந்து போனை நூமாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், காதில் வைத்தார், மகனோடு பேசிக்கொண்டே படகுத்துறையின் கோடிவரை நடந்து போனார். அங்கிருந்து ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசி முடித்ததும் போனை ஒரு மரக்கட்டைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதை எடுக்க நூமாதான் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது, மற்ற கைடுகள் எல்லோரும் பார்க்க.