முதலில் நின்றவருக்குத் தடி

பூங்கா வாசலில் இருக்கும் சிமென்ட் பெஞ்சின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸ் கட்டுவது அவருக்குத் தினசரி சடங்கு. தரையில் குனிந்து கட்டினால் முழங்கால் சத்தம் போடும். அது அடுத்தவர் காதில் விழக்கூடாது. பெஞ்சில் வைத்துக் கட்டினால் பார்க்கக் கம்பீரமாகவும் இருக்கும், சத்தமும் குறையும். அப்படியும் இன்றைக்கு 'களுக்' என்றது. உடனே பலமாகச் செருமி, பழியைத் தொண்டையின் மேல் போட்டார்.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அவர் பேச்சைக் கேட்க ஒரு கிளையே காத்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு வீட்டு டிவி ரிமோட்கூட அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆகவே ஒரு படையைத் திரட்டினார். எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். ஒரே நிறத்தில் பனியன், முதுகில் 'இளமைப் படை' என்று பெரிய எழுத்து. என்றும் பதினாறு என்கிற அர்த்தத்தில் தெருக்காரர்கள் அவருக்குப் 'பதினாறு' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

பூங்காவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போகிற படிகளில் ஓடி ஏறுவதுதான் படையின் வேலை. முப்பது வயதில் அவர் எந்த வேகத்தில் ஏறினாரோ, அதே வேகம். "வேகத்தைக் குறைச்சா வயசு வந்து ஒட்டிக்கும்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆதாரம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. துணிச்சல் இருந்தவருக்கு மூச்சு இல்லை.

படைக்கு ஒரு சட்டமும் உண்டு. முதலில் நின்றுவிடுகிறவர், படைக்குச் சொந்தமான ஒரு பழைய கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் கைதட்டி வழியனுப்புவார்கள். தமாஷுக்குத்தான். தடியைப் பிடிக்காதவர்களுக்கு அது தமாஷாகத்தான் இருந்தது.

"என்ன மச்சான், இன்னைக்கும் தடி உனக்குத்தானா?" என்றார் பதினாறு.

மச்சான் என்பவர் பதினாறின் மனைவிக்குத் தம்பி. ஐம்பத்தொன்பது வயது. கடைத்தெருவில் தையல் கடை. காலையிலிருந்து இரவுவரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். அக்கா வீட்டுக்காரர் 'வா' என்றால் வந்துவிட வேண்டும், 'ஓடு' என்றால் ஓடிவிட வேண்டும், 'ஏன்' என்று மட்டும் கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்.

"இல்ல மாமா, இன்னைக்கு விடமாட்டேன்" என்று சொல்லி இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"தோள்ல என்ன?"

"தெரியல மாமா. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன் போல."

"படுத்தாலே அப்படித்தான். அதுக்குத்தான் ஓடச் சொல்றேன்."

படை சிரித்தது. பதினாறு விசில் ஊதினார்.

பாதிப் படியில், ஓய்வு பெற்ற தபால்காரர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். தையற்காரர் அவரைத் தாண்டி ஏறினார். "பாத்தீங்களாய்யா என் மச்சானை!" என்று பதினாறு மேலே நின்று கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் மச்சான் கடைசிப் படிக்கு வந்து, உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பனியன் பிழிந்தெடுத்தாற்போல் நனைந்திருந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். நடந்தது என்னவென்று புரிந்து அந்தக் கைகள் நிற்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்கு அக்கா ஓடிவந்தபோது காலில் ஜோடி மாறிய செருப்பு. கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவனை என்ன பண்ணீங்க?"

பதினாறு கையில் இருந்த விசிலைப் பாக்கெட்டுக்குள் திணித்தார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "இதயத்துக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. சரி பண்ணியிருக்கோம். ஆனா இப்பவே எதுவும் உறுதியா சொல்ல முடியாது. முன்னாடியே வலி ஏதாவது இருக்குன்னு சொன்னாரா?"

"அப்படி ஒண்ணும்..." என்று ஆரம்பித்த பதினாறுக்கு, காலையில் மச்சான் தேய்த்துக்கொண்ட தோளும் அதற்குத் தான் அடித்த ஜோக்கும் ஞாபகம் வந்தன.

அபாயக் கட்டம் தாண்டி, பொது வார்டுக்கு மாற்றிய பிறகுதான் தையற்காரரால் சரியாகப் பேச முடிந்தது.

"ஒரு வாரமாவே நெஞ்சுல ஒரு இறுக்கம் மாமா. படி ஏறினா வரும், நின்னா போயிடும்."

"அடப்பாவி, சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நிக்கணும். நின்னா தடி. அதைப் பிடிச்சுக்கிட்டு என் கடை வாசல் வழியாத்தானே போகணும்? எதிர்க்கடைப் பசங்க, 'வாங்க தாத்தா'ங்கறானுங்க. துணி கொடுக்க வர்றவங்க, 'கண்ணு தெரியுதா, கை நடுங்குதா'ன்னு கேக்கறாங்க. ரொம்ப நாளா வந்துட்டு இருந்த ஒருத்தர், மகன் கல்யாணத் துணியை வேற கடைக்குக் கொண்டு போயிட்டார். அதான், மூச்சு போனாலும் பரவால்லன்னு ஏறிட்டேன்."

பதினாறு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருந்தது.

மச்சானைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்ததும் பதினாறு மனம் திருந்தினார். பெரிய மனிதர்கள் திருந்தினாலும் அதைக் கொஞ்சம் அதிகமாகத்தான் செய்வார்கள். மச்சானை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்தால் கத்தினார். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் பிடுங்கினார். மருந்துச் சீட்டைவிட அதிகமான தடைகளை அவரே விதித்தார்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்த மனைவி ஐந்தாம் நாள் வெடித்தாள்.

"ஒண்ணு, ஓடவிட்டுக் கொல்லுவீங்க. இல்ல, உக்கார வச்சுக் கொல்லுவீங்க. நடுவுல ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாதா? டாக்டர் அவனை நடக்கத்தான் சொல்லியிருக்காங்க. பேசிக்கிட்டே நடக்கற வேகத்துல. கூட நீங்களும் போங்க. முழங்காலுக்குத் திருட்டுத்தனமா முழுங்கற மாத்திரையை அலமாரியில எந்தச் சட்டைக்கு அடியில வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

மறுநாள் இருவரும் பூங்காவின் சமதளப் பாதையில் நடந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பதினாறின் கால்கள் தாமாகவே துள்ளின; அவர் இழுத்துப் பிடித்தார்.

தொட்டி மேட்டுப் படிகளில் விசில் சத்தம் கேட்டது. படை ஒன்றும் கலையவில்லை. தலைமைப் பதவிக்குப் படையிலேயே இருந்த ஒரு வக்கீல் வந்திருந்தார். தபால்காரர் மறுபடியும் பாதியில் நின்றிருந்தார். ஒரு கை கைப்பிடியில், மறு கை நெஞ்சில். மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தையற்காரர் பதினாறின் கையை இறுக்கினார். "மாமா, அவர் முகத்தைப் பாருங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

பதினாறு படியேறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, எல்லாரும் பார்க்க ஏறினார். முழங்கால் போட்ட சத்தத்தை மறைக்க அவர் செருமவில்லை. தபால்காரரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விசிலை விட்டுட்டு ஒரு வண்டியைக் கூப்பிடுங்க வக்கீல் சார். இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"என்ன சார் இது? எல்லாம் நீங்க போட்ட சட்டம்தானே?" என்று வக்கீல் வாதாடினார்.

"ஆமா, நான்தான் போட்டேன். எனக்கு அறுபத்தி நாலு வயசு. ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. தினமும் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் உங்க முன்னாடி ஓடினேன்."

வக்கீல் போனை எடுத்து வண்டிக்குச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த தபால்காரர்தான் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார்:

"அப்புறம் எங்களை ஏன் சார் ஓடவிட்டீங்க?"

பதினாறு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு வயசாகலைன்னு தினமும் யாராவது சொல்லணும்போல இருந்துச்சு. நீங்கல்லாம் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வந்தா, அதைச் சொல்ற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். உடம்பை அசைக்கறதை யாரும் நிறுத்திடாதீங்க. ஆனா அறுபது வயசு உடம்பை முப்பது வயசு வேகத்துல விரட்டாதீங்க. வயசுக்குத் தக்கபடி குறைச்சுக்குங்க, வலிச்சா நில்லுங்க. நிக்கறவனைப் பாத்துச் சிரிக்காதீங்க. என் மச்சான் வயசானதால சாகக் கிடக்கல. நிக்கறதுக்கு வெக்கப்பட்டுத்தான் சாகக் கிடந்தான்."