சிங்காரம் சாமியின் நடுத்துண்டு

சிங்காரம் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். கூடைக்குள் கிடப்பது சங்கராவா, கிழங்கானா என்று மூடியைத் திறக்குமுன்பே மூக்கால் சொல்லிவிடுவார். அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் 2005 கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டார். முந்தின வருஷம் பேரலை வந்தபோது மனைவி பொன்னம்மாள் உப்பளத்துக் கரையில் சேற்றோடு சேறாகக் கிடந்தாள். அவள் கண் திறந்தால் மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். நாற்பத்தொரு நாள் மீன் கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பொன்னம்மாள் வாழைக்காயைப் பிடித்துக்கொண்டாள். திங்கள் பொரியல், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் பஜ்ஜி, வியாழன் மறுபடியும் பொரியல்.

"ஏம்மா, ஊர்ல வேற காயே வெளையலையா?" என்று தட்டைத் தள்ளினார் சிங்காரம்.

தம்பி மனைவி சூர்யகலா, அலைக்குப் பிறகு வீடு கட்டித் தர வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சமைப்பவள், இடையில் புகுந்தாள். "அவங்க பழத்துக்கு பனானா, சமைக்கிற காய்க்கு பிளான்டைன்னு தனியா பேரு வச்சிருக்காங்க சாமி. சில நாட்ல சோறே அதானாம்."

"பேரு வச்சுட்டா ருசி வந்துருமா? வஞ்சிரத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்காமல் விட்டார்.

முப்பத்தேழாம் நாள் மத்தியானம், சிங்காரம் போனபோது சூர்யகலா வீட்டுப் பின்புறம் ஒரு தட்டு இருந்தது. வட்ட வட்டத் துண்டுகள், மிளகாயும் சோம்பும் பூசி, ஓரம் கருகி. "வஞ்சிரத்தைக் காக்கா தூக்கிடப் போவுது!" என்று அவள் உள்ளேயிருந்து உரக்கச் சொல்வது கேட்டது. சாமியின் கை சாமியைக் கேட்காமலே நீண்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. முள்ளே இல்லாத அருமையான நடுத்துண்டு என்று மனசுக்குள் சான்றிதழும் கொடுத்தார்.

விழுங்கியபின்தான் விரதம் நினைவுக்கு வந்தது. நாற்பதாம் நாள் பொன்னம்மாளுக்குக் காய்ச்சல் வேறு வந்துவிட்டது. தன் நாக்குக்காக அவள் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்தது.

மறுநாள் சிங்காரம் வீட்டில் இருமுடி கட்டும் பூசை. குருசாமி சிவஞானம், பதினெட்டு வருஷம் மலை ஏறிய உப்பளத் தொழிலாளி, தேங்காயில் நெய் நிரப்ப அவரைக் கூப்பிட்டார். சிங்காரம் உடைந்துபோனார்.

"என் மாலையைக் கழட்டிடுங்க சாமி. வஞ்சிரம் தின்னுட்டேன். திருடித் தின்னேன். ரெண்டு துண்டு."

போர்வையோடு எழுந்து வந்தாள் பொன்னம்மாள். "ஐயோ சாமி, அது வாழைக்கா! நீங்க திட்டினீங்களேன்னு நானும் சூர்யகலாவும் சேர்ந்து பண்ணோம். புதுச் சட்டி, புது எண்ணெ. மலைக்குப் போய்ட்டு வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தோம்."

சிங்காரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு மானம் போயிற்று. குருசாமி தவிர மாலை போட்டிருந்த அத்தனை பேரும் மீனவர்கள்; வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏலக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"எனக்கா மீன் தெரியாது? அது வஞ்சிரந்தான்!" என்று கத்தினார்.

சூர்யகலா ஓடிப்போய், வழிப்பயணத்துக்கென்று அன்று காலை அதே மசாலாவில் வறுத்த வாழைக்காய்த் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். சிங்காரம் ஒரு துண்டைக் கடித்தார். அவர் முகம் வெளுத்தது.

"சாமி... எனக்கு இப்பவும் மீனாத்தான் இருக்குது. எதுக்கும் நீங்க ஒண்ணு பாருங்க."

குருசாமி சரணம் சொல்லி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வெகுநேரம் மென்றார். சிரித்தவர்கள் எல்லாரும் அடங்கி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரியாத் தெரியலையே தாயி," என்றார் குருசாமி. "இன்னும் நாலு வை."