முழங்கை மடிப்பில் வந்தவர்

இறந்துபோன நான்காம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, விமர்சகியின் கணவர் அவளுடைய இடது முழங்கை மடிப்பில் திரும்பி வந்தார். வாசனையாக மட்டும்தான் வந்தார். புதிதாக வரும் சென்டுகளை முகர்ந்து பார்த்து வார இதழில் எழுதுவது அவள் பிழைப்பு. முன்கையில் பேனாவால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சென்ட் அடித்து, சாயங்காலம்வரை பொறுத்திருந்துதான் எழுதுவாள். கட்டங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடம் விடவேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். அன்று பெரிய உடை வடிவமைப்பாளர் ஒருவரின் புதுச் சரக்கு வந்திருந்தது. ஒரே பெட்டியில் இரண்டு புட்டி, ஒன்று மர வாசனை, மற்றது தோல் வாசனை. அவசரத்தில் இடம்விட மறந்தாள். வெயிலுக்கு வேர்த்து இரண்டும் மடிப்பில் கலந்தன. அவள் கணவர் சோபா தைக்கிறவராக இருந்தார். மரத்தூளும் புதுத் தோலும் பிடரி வேர்வையும் சேர்ந்த அந்த வாசனை உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

வாசனை கையைவிட்டு இறங்கியது. சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தருகே சற்று நின்றது, பிறகு ஜன்னலோரம் போனது. உயிரோடிருந்தபோதும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அப்படித்தான் செய்வார். விளக்கு வைக்கும் நேரத்தில் மங்கி மறைந்தது. மறுநாள் இரண்டையும் கலந்து அடித்தாள். மறுபடி வந்தார். மாடியில் குடியிருந்த நாத்தனார் வாங்கிப்போன பாத்திரத்தைக் கொடுக்க இறங்கி வந்தவள், வாசலிலேயே நின்று, அண்ணன் வந்துவிட்டாரா என்று கேட்டாள். உள்ளே வந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு காப்பி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்கவேண்டும். பதினேழு வருடத்தில் அவள் ஒரு வரி பொய் எழுதியதில்லை. அவள் நல்லது என்றால் ஊரே வாங்கும். இந்த இரண்டும் நல்லதுதான், அந்த வருடத்திலேயே அவைதான் நல்லது. நாத்தனார்தான் யோசித்துச் சொன்னாள்: “நீங்க நல்லா இருக்குன்னு எழுதினா, எவ எவளோ கலந்து பூசிக்குவா. அண்ணன் அங்கயெல்லாம் போய் நிப்பாரு, அண்ணி.”

விமர்சகி அன்றிரவே உட்கார்ந்து, மரச் சென்ட் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி என்றும், தோல் சென்ட் பழைய செருப்பின் உட்புறம் என்றும் கூசாமல் எழுதினாள். ஊர் நம்பியது. ஆறு மாதத்தில் கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின, வடிவமைப்பாளர் தயாரிப்பை நிறுத்தினார். மிஞ்சிய புட்டிகளையெல்லாம் அவள் வாங்கிவந்து அலமாரியிலும் கட்டிலடியிலும் அடுக்கினாள். இனி அவர் அவளுக்கு மட்டும்தான்.

அதற்கப்புறம் தினமும் கலந்து அடித்தாள், அவரும் தினமும் வந்தார். ஆனால் விடாமல் முகரும் வாசனையை மூக்கு மறந்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் நாளிலேயே அவள் கற்ற பாடம் அது, ஆசையில் அதை மறந்துபோனாள். முதலில் ஜன்னலோரத்து அவர் போனார். பிறகு சமையலறை. ஒரு காலையில் மடிப்பில் மூக்கை வைத்து அழுத்தினாலும் தோலின் சூடு மட்டும்தான் இருந்தது. மூக்கைத் தெளியவைக்கக் காப்பிக்கொட்டையை முகர்ந்தாள், ஒரு மாதம் அடிக்காமல் இருந்து பார்த்தாள், ஊருக்கு வெளியே அறை எடுத்துத் தங்கினாள். ஒன்றும் பலிக்கவில்லை. மற்ற சென்டுகளெல்லாம் முன்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தன. தபால்காரர் வாசலில் நின்று, சார் வீட்டில் இருக்கிறார் போலிருக்கிறதே என்று கேட்டுவிட்டுப் போவார். அவள் ஆமாம் என்பாள்.

பதினோரு வருடமாக நாத்தனார் தினமும் மதியம் இறங்கி வருகிறாள். விமர்சகி தலை நிமிராமல், எங்கே என்று மட்டும் கேட்பாள். நேற்று நாத்தனார் அறை முழுக்க முகர்ந்து, கடைசியில் அவளருகே வந்து நின்றாள்.

“இங்கதான். உங்க வலது தோள் பக்கம்தான் தூக்கலா இருக்கு.”

விமர்சகி அந்தத் தோளை அசைக்காமல், பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுதினாள்.